கவுஞ்சி எலியின் நான்காம் பட்டை

எங்கள் பழைய துறையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். துறை மலர் ஒன்று போடுகிறார்களாம். ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கு நாலு பக்கம் "இனிய நினைவுகள்" எழுதித் தரவேண்டுமாம். இனிய நினைவு வேண்டுமென்றால் ஏரியில் படகு விட வந்தவர்களைப் பிடித்துக் கேளம்மா என்றேன். அவள் விடுகிற மாதிரி இல்லை.

"மேடம், இப்ப எலியோட ஜீனோம் முழுசும் படிச்சாச்சு. பாலூட்டி டி.என்.ஏ.வில பாதிக்குக் கிட்ட தாவும் துண்டுகளும் அதோட மிச்சசொச்சமும்தான்னு பர்ஸ்ட் இயர் பிள்ளைங்களுக்கே தெரியும். ஒண்ணுமே இல்லாத காலத்துல நீங்க எப்படி வேலை பார்த்தீங்கன்னு எழுதுங்க" என்றாள்.

பர்ஸ்ட் இயர் பிள்ளைக்குத் தெரியுமாம். வத்தலக்குண்டு பஸ் எத்தனை மணிக்கு என்பதும்தான் அதற்குத் தெரியும். பஸ் ஓட்டத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. சரி, எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

நான் கொடைக்கானல்காரி. அப்பா மிஷன் பள்ளியில் கிளார்க். மதுரையில் விலங்கியல் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு எழுபதுகளின் நடுவில் மலைக்குத் திரும்பினேன். பல்கலைக்கழகம் ஒன்றின் விலங்கியல் துறை ஆய்வு நிலையம் அப்போது இங்கே நடந்துகொண்டிருந்தது. அதில் டெக்னிக்கல் அசிஸ்டென்ட் வேலை. முதல் சில வருடங்கள் எலியின் எலும்பு மஜ்ஜையை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் சொட்டுவிட்டு குரோமோசோம் எண்ணியதில் போயின. அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல, கழுத்துவலியைத் தவிர ஒன்றுமில்லை.

இயக்குநர் டாக்டர் திருவேங்கடம். வெளிநாட்டில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவர், அந்த இரண்டு வருடத்தை விட்டுக் கடைசி வரைக்கும் வெளியே வரவில்லை. கோட்டும் டையும், கோட்டுப் பையில் மூக்குப்பொடி டப்பாவும். கேள்வியும் அவரே கேட்பார், பதிலும் அவரே சொல்லிவிட்டு "கரெக்ட்" என்று நம்மைப் பாராட்டுவார். அவரிடம் ஓர் இலக்கணம் உண்டு. பரிசோதனை சரியாக வந்தால் "நாம் செய்தோம்". சொதப்பினால் "நீ செய்தாய்". அவர் அறையிலிருந்து வெளியே வருகிறவர்களிடம் நாங்கள் "நாமா, நீயா?" என்று மட்டும் கேட்போம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு முனைவர் பட்டத்துக்குப் பதிவு கிடைத்தது. வழிகாட்டி அவரேதான், வேறு ஆள் கிடையாது. டி.என்.ஏ.வில் திரும்பத் திரும்ப வரும் துண்டுகளை எடுத்துக்கொள்கிறேன் என்றேன். தன்னைத்தானே நகலெடுத்து, நகலை வேறோர் இடத்தில் செருகிவிடும் துண்டுகள் அவை. ஒருமுறை செருகியது பெரும்பாலும் அங்கேயேதான் கிடக்கும். பிள்ளை, பேரன் என்று வம்சம் முழுக்கப் போகும். அப்படியானால் எந்த எலி எந்த எலிக்குப் பங்காளி, எப்போது பாகம் பிரிந்தது என்பதையெல்லாம் இதை வைத்தே கேட்கலாம் இல்லையா? மலை எலிகளையும் கீழ்நாட்டு எலிகளையும் அப்படி ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் என் திட்டம்.

"அது குப்பை, ஜெபமணி" என்றார் இயக்குநர். "குப்பை கூட்டவா மலை மேல லேபரட்டரி கட்டியிருக்கோம்?"

ஆனாலும் கையெழுத்துப் போட்டார். அந்த வருடம் பதிவு செய்ய அவருக்கு வேறு மாணவர் அகப்படவில்லை.

வேலை இப்படித்தான் நடக்கும். கவுஞ்சி, வடகவுஞ்சி, தாண்டிக்குடி என்று ஊர் ஊராக, உருளைக்கிழங்கும் பூண்டும் போட்ட வயல் வரப்புகளில் சாயங்காலம் பெட்டிப்பொறி வைப்போம். உள்ளே ஒரு துண்டு கருவாடு. விடிந்ததும் எடுத்து வந்து, குளோரோபாரம் காட்டி, ஈரலை அறுத்து உறையவைப்போம். உடலைப் பார்மலின் ஜாடியில் போட்டு ஊர்ப்பெயரை ஒட்டிவிடுவோம். ஈரலிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, ஒரு என்சைமால் வெட்டி, ஜெல் என்கிற கூழ்ப்பாளத்தில் மின்சாரம் பாய்ச்சி, நீளவாரியாகப் பிரியும்படி ஓடவிட்டு, இருட்டறையில் புற ஊதா விளக்கில் பார்த்தால் மேலிருந்து கீழ்வரைக்கும் ஒரு மங்கலான கறை தெரியும். எல்லா நீளத்திலும் துண்டுகள் இருப்பதால் வரும் கறை அது. அதற்கு நடுவே அங்கங்கே பளிச்சென்று ஒரு பட்டை நிற்கும். ஒரு தெருவில் வீடுகள் விதவிதமாக இருக்கலாம். ஆனால் எல்லா வீட்டுச் சுவரிலும் ஒரே ஜவுளிக்கடை கொடுத்த காலண்டர் தொங்கினால்? கழற்றி அடுக்கினால் ஒரே அளவில் ஒரு கட்டு சேரும். அந்தக் கட்டுதான் பட்டை. எங்கள் மலை எலிகளுக்கு மூன்று பட்டைகள்.

என்சைம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். மதுரை விமான நிலையத்தில் போய் வாங்கி, வத்தலக்குண்டில் ஐஸ் மாற்றி, மடியில் வைத்து மலையேறுவேன். மூக்குத்தி அளவு குழாய், அதற்கு அத்தனை உபசாரம். அதை மிச்சம் பிடிக்க இயக்குநர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஓர் ஊரில் பிடித்த எல்லா எலிகளின் ஈரலையும் ஒன்றாக அரைத்து, ஊருக்கு ஒரே குழாய். ஒவ்வொரு எலியையும் தனித்தனியாகத்தான் பார்க்கவேண்டும் என்று நான் மன்றாடினேன். "எலியில இண்டிவிஜுவல் கிடையாது, பாப்புலேஷன்தான்" என்று முடித்துவிட்டார். கூட்டுக்குழம்பு என்று அதற்கு நான் பெயர் வைத்திருந்தேன், மனசுக்குள்.

பொறி வைப்பது தண்டபாணி. பழநிக்காரர். அண்ணன் தம்பிகள் அடிவாரத்தில் பூக்கடை வைத்திருக்க, இவர் மட்டும் எங்கள் நிலையத்தில் களப்பணியாளராகச் சேர்ந்திருந்தார். பொறியில் மூஞ்சூறு விழுந்தால் அங்கேயே வரப்போரம் கதவைத் திறந்து, "போங்க சாமி, வழி தப்பி வந்துட்டீங்க" என்று அனுப்பிவிடுவார். ஏன் என்று கேட்டேன்.

"பிள்ளையார் ஏறிப் போற வாகனம்ங்க மிஸ். அண்ணன் வாகனத்தக் கொன்னுபுட்டு, தம்பி ஊருக்கு எந்த முகத்தோட போறது?"

எங்களுக்கும் அது வசதிதான். மூஞ்சூறு எலியே கிடையாது. வேறு வரிசை, புழுபூச்சி தின்னும் சாதி. பார்க்கத்தான் எலி மாதிரி. கொல்லுமுன் ஒவ்வொரு பிராணியையும் இன்னதென்று பார்த்து உறுதி செய்யவேண்டும் என்பது நிலையத்து விதி. அதை யாரும் செய்ததில்லை, ஏனென்றால் தேவைப்பட்டதில்லை. எங்கள் வகைப்பாட்டியல் முழுக்கத் தண்டபாணியின் பக்தியில் ஓடிக்கொண்டிருந்தது. இது யாருக்கும் உறைக்கவில்லை, எனக்கும்தான்.

அந்தச் சமயத்தில், மக்காச்சோளத்தில் தாவும் மரபணுக்களைக் கண்டுபிடித்த ஓர் அம்மையாருக்கு வெளிநாட்டில் பெரிய பரிசு என்று பேப்பரில் வந்தது. வயதான அம்மாள். பல வருடம் யாரும் அவர் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லையாம். மறுநாள் காலை இயக்குநர் என் மேசைக்கு வந்தார். அவர் என் மேசைக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

"நம்ம தாவும் துண்டு எப்படி இருக்கு?" என்றார்.

குப்பை ஒரே ராத்திரியில் "நம்ம" துண்டு ஆகிவிட்டது. பிறகு கூட்டத்துக்குக் கூட்டம் அதே பேச்சுதான். மலைக்குளிர் தாங்காமல் உயிரணு அதிர்ச்சி அடைகிறதாம், அந்த அதிர்ச்சியில் தூங்கும் துண்டுகள் விழித்துத் தாவுகின்றனவாம். குளிருக்கு எங்கள் அட்டெண்டர்கூட விழித்துக்கொண்டதில்லை.

பங்குனி உத்திரம் வந்தது. தண்டபாணி கவுஞ்சியில் பொறிகளை வைத்துவிட்டு, பூக்கடைக் கூட்டத்தைச் சமாளிக்க லீவு போட்டுப் பழநிக்குப் போனார். நான் என்சைம் வாங்க மதுரைக்குப் போனேன். டெல்லியிலிருந்து ஒரு பெரிய மனிதர் நிலையத்தைப் பார்க்க வந்திருந்தார். நான் திரும்பியபோது உறைபெட்டியில் கவுஞ்சிக் குழாய் தயாராக இருந்தது. "டைரக்டரே பொறி எடுத்தாரு" என்றார்கள். ஒரு வேலை மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் குழாயில் நான்காவதாக ஒரு பட்டை வந்தது.

இருட்டறையில் தனியாக நின்று அதைப் பார்த்தேன். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, அதை மறைக்கப்போவதில்லை. மற்ற எந்த ஊர் எலிக்கும் இல்லாத ஒரு பட்டை, தடிமனாக, அடித்து ஒட்டிய மாதிரி நின்றது. மூன்று முறை ஓட்டினேன், மூன்று முறையும் வந்தது. ஒரு பாலூட்டியின் உடலில் புதிதாகப் பெருகிய துண்டு ஒன்றை முதன்முதலாகப் பார்ப்பவள் நான் என்று நம்பினேன். நடந்து வீட்டுக்குப் போனதுகூட நினைவில்லை.

"நாம் கண்டுபிடிச்சுட்டோம்" என்றார் இயக்குநர். நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், அந்த "நாம்" அன்றைக்கு எனக்கு இனித்தது. பெங்களூரில் ஒரு கருத்தரங்குக்குச் சுருக்கம் எழுதி அனுப்பினார். என் ஆய்வேட்டுக்கு இதுவே நான்காம் அத்தியாயம் என்றும், எழுதிக் கொடுத்த அன்றே கையெழுத்துப் போடுவதாகவும் சொன்னார். என் பதிவுக்காலம் அந்த வருடத்தோடு முடிகிறது, ஏற்கெனவே ஒருமுறை நீட்டியாயிற்று. பட்டம் வந்தால் காலியாக இருக்கும் விரிவுரையாளர் இடம் எனக்கு. வராவிட்டால் கடைசிவரை டெக்னிக்கல் அசிஸ்டென்டாகவே இருந்து, என்னைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு ஜெல் ஊற்றிக்கொடுக்க வேண்டியதுதான்.

எழுத உட்கார்ந்தபோதுதான் உறுத்தியது. வடகவுஞ்சியிலும் குளிர்தான். அங்கே பட்டை இல்லை. கவுஞ்சிக் குளிர் மட்டும் தனிக் குளிரா? தண்டபாணியை மறுபடி கவுஞ்சியில் பொறி வைக்கச் சொன்னேன். அந்த எலிகளுக்கு மூன்றே பட்டை. இயக்குநரிடம் சொன்னேன்.

"நீ சரியா வெட்டல" என்றார். நீயாகிவிட்டேன்.

அன்று மத்தியானம் உத்திரத்து நாளின் பார்மலின் ஜாடியை இறக்கினேன். ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தேன். சுண்டெலி, சுண்டெலி, சுண்டெலி. அப்புறம் ஒன்று. நீண்டு கூர்ந்த மூக்கு, கடுகு மாதிரிக் கண். வாயைத் திறந்து பார்த்தேன். எலிக்கு உள்ள உளிப்பல் இல்லை. பி.எஸ்ஸி. முதல் வருடத்தில் இதைத் தப்பாகச் சொல்கிறவனை வெளியே நிற்க வைப்பார்கள்.

அட்டெண்டரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"டைரக்டரய்யா வெள்ளனே ஜீப்ப எடுத்துட்டுப் போயி எல்லாப் பொறியையும் அள்ளிட்டு வந்துட்டாருங்க மிஸ். என்னைய அறுக்கச் சொல்லிட்டு, அவரு டெல்லிக்காரருக்குப் பாடம் நடத்திக்கிட்டு இருந்தாரு. இதையும் வாலப் பிடிச்சுத் தூக்கிக் காமிச்சாரு. நாத்தம்னா நாத்தம், குடலப் புடுங்குது. அந்த டெல்லிக்காரரு மூக்குலருந்து கர்சீப்ப எடுக்கவே இல்ல."

"டைரக்டருக்கு நாறலையா?"

"அவருக்கு ஏதுங்க? பொடியில அடைச்சுக் கெடக்கு."

டெல்லிக்காரர் நாற்றத்தைப் பற்றிக் கேட்டாராம். "இதுதான் சார் பீல்டு ஒர்க்" என்றாராம் இயக்குநர். விலங்கியல் பேராசிரியர், மூஞ்சூறை வாலில் தூக்கிக்கொண்டு.

ஜாடியில் மூஞ்சூறு கிடப்பது போதாது. அந்தப் பட்டை மூஞ்சூறுடையதுதான் என்று ஜெல்லில் காட்டவேண்டும். அதற்கு ஒரு மூஞ்சூறு ஈரல் வேண்டும், அரைக்காத, தனி ஈரல். தண்டபாணியிடம் போனேன்.

"ஒண்ணே ஒண்ணு தண்டபாணி. உங்களக் கொல்லச் சொல்லல. பொறியோட கொண்டாந்து குடுங்க, போதும்."

"மிஸ், நீங்க மலை ஏறுன்னா ஏறுறேன், இறங்குன்னா இறங்குறேன். இது என் கையால ஆகாதுங்க."

"என் படிப்பே இதுல இருக்கு."

"புரியுதுங்க. அதுக்கு வேற யாரையாச்சும் சொல்லிக்கிருங்க. நான் பார்க்கலைன்னு இருந்துக்கிறேன்."

கோபம் வந்தது, ஆனால் வற்புறுத்தவில்லை. அந்த நிலையத்தில் ஒரு விதியையாவது ஒழுங்காகக் கடைப்பிடித்தவர் அவர்தான்.

கடைசியில் என் வீட்டுச் சமையலறையிலேயே அடுப்படி மூலையில் பொறி வைத்தேன். விழுந்தது. அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "கர்த்தரே, இதுக்கா உன்னைய மதுரையில படிக்க வச்சோம்" என்றாள்.

கையில் இருந்த என்சைம் ஒரு ஜெல்லுக்குத்தான் வரும். கீழ்நாட்டு எலிகளுக்கென்று வைத்திருந்தது, அதை ஓட்டினால்தான் ஆய்வேடு முழுமையாகும். அதையே எடுத்தேன். முதல் பாதையில் உத்திரத்து நாள் குழம்பு. பக்கத்தில் புதிதாகப் பிடித்த கவுஞ்சி எலிகள், ஒவ்வொன்றும் தனித்தனியாக. கடைசிப் பாதையில் சமையலறை மூஞ்சூறு. விளக்கைப் போட்டேன். எலிகளுக்கு மூன்று மூன்று பட்டைகள். மூஞ்சூறுக்கு ஒரே ஒரு தடித்த பட்டை, குழம்பின் நான்காம் பட்டைக்கு நேர் உயரத்தில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி.

போட்டோவை இயக்குநர் மேசையில் வைத்தேன்.

"இந்தக் கடைசி லேன் என்ன?"

"மூஞ்சூறு சார். எங்க வீட்டு அடுப்படியில பிடிச்சது."

"மூஞ்சூறு இங்க எதுக்கு?"

"அதையேதான் சார் நானும் கேக்கிறேன். உத்திரத்தன்னிக்கு கவுஞ்சிக் குழாயில அது எதுக்கு?"

பொடி போட்டார். "உங்க வீட்டு மூஞ்சூறும் கவுஞ்சி மூஞ்சூறும் ஒண்ணா?"

கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுபோயிருந்த ஜாடி மூஞ்சூறைப் பிரித்து போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்தேன். அதுவும் எங்கள் வீட்டு மூஞ்சூறும் பங்காளிகள் என்பது அவருக்கும் தெரியும். வெகுநேரம் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை. முட்டாளாக இருந்திருந்தால் எனக்கு இத்தனை ஆத்திரம் இராது. முகத்தைப் பார்த்தேன், அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்தபிறகுதான் சொன்னார்.

"ஊர்ல மூஞ்சூறையும் எலின்னுதானே சொல்றாங்க, ஜெபமணி?"

ஊர்க்காரர்களுக்கு வகைப்பாடு தெரியாது என்று மேடைக்கு மேடை சிரித்தவர். அவசரத்துக்கு அந்த ஊர்க்காரர்களின் முந்தானைக்குள்ளேயே போய் ஒளிந்துகொண்டார்.

"அப்ஸ்ட்ராக்ட் போயாச்சு. டெல்லியில சொல்லியாச்சு. கவுஞ்சிக்கு எவன் வந்து பார்க்கப்போறான்?" என்றபடி என் ஆய்வேட்டை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டு பேனா மூடியைக் கழற்றினார். "நாலாவது சாப்டர் இருக்கிறபடி இருக்கட்டும். இப்பவே கையெழுத்துப் போடறேன்."

நான் அந்தப் பேனா முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆசை இல்லாமல் இல்லை.

"நாலாவத எடுத்துட்டுப் போடுங்க சார். மூணு போதும்."

"மூணு சாப்டருக்கு எவன் டாக்டரேட் குடுப்பான்?"

பேனாவை மூடினார். நான் ஆய்வேட்டையும் மூஞ்சூறையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். உறைபெட்டிகள் இரைகிற அறையில் நின்று அழுதேன். பட்டம் போனதற்குத்தான் அழுதேன். உண்மை, தர்மம் என்று பெரிய வார்த்தையெல்லாம் அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

தண்டபாணி தயங்கித் தயங்கி வந்தார். "ஐயா ஒத்துக்கிட்டாருங்களா மிஸ்?"

"இல்ல."

"அப்ப ஒரு உசுரு வீணாத்தானே போச்சு."

"போயி உங்க சோலியப் பாருங்க" என்றேன். போய்விட்டார். அவர் மேல் எரிந்து விழுந்ததில் நியாயமில்லைதான். அன்று விழ வேறு ஆள் இல்லை.

வருடம் முடிந்தது, பதிவும் முடிந்தது. விரிவுரையாளர் இடத்துக்கு வேறோர் ஆள் வந்தார், அவருக்கு ஜெல் ஊற்ற நான்தான் சொல்லிக்கொடுத்தேன். டெக்னிக்கல் அசிஸ்டென்டாகச் சேர்ந்தவள் டெக்னிக்கல் ஆபீசராக ஓய்வு பெற்றேன். இதற்கு வளர்ச்சி என்று பெயர்.

இயக்குநர் கட்டுரை எழுதினார். மூன்று ஆசிரியர்கள். முதலில் அவர், இரண்டாவது கர்சீப்பை எடுக்காத டெல்லிக்காரர், மூன்றாவது இயக்குநரின் மருமகன், எலியையே பார்த்திராதவர். அச்சுக்குப் போகுமுன் திருத்தம் பார்க்க வந்த தாள்களை என்னிடம் காட்டுவதற்கென்றே கூப்பிட்டு அனுப்பினார். கடைசியில் ஒரு வரி: தொழில்நுட்ப உதவிக்குச் செல்வி ஜெபமணிக்கு நன்றி.

"உன்னை மறக்கலை பார்த்தியா" என்றார்.

"எடுத்துடுங்க சார்."

"எதை?"

"என் பேரை."

"நன்றிதானேம்மா சொல்லியிருக்கேன். அதுல உனக்கு என்ன கஷ்டம்?"

"நன்றியையும் எடுத்துடுங்க."

பேனாவைத் திறந்து, அந்த வரியை ஸ்கேல் வைத்து ஒரே கோடாக அடித்து, ஓரத்தில் இனிஷியல் போட்டார். எத்தனையோ வருடம் அவரிடம் எத்தனையோ தப்பை எடுத்துக் காட்டியிருக்கிறேன். மறுபேச்சுப் பேசாமல் அவர் செய்த ஒரே திருத்தம் அதுதான்.